அடையாள அட்டை காட்டவும்

தர்மகுலசிங்கம் செவ்வாய்க்கிழமை வந்தார்.
கிரைண்டரின் மூடியைத் திறந்தார், மூடினார்,
கல்லை விரலால் சுற்றிப் பார்த்தார்.
எத்தனை வாட், எத்தனை பேருக்கு மா அரைக்கும்,
சத்தம் கேட்டுக் கீழ்வீட்டு ஜெர்மன்காரி
பொலிசுக்கு அடிப்பாளோ என்றெல்லாம் கேட்டார்.
நான் பிளக்கைச் செருகி ஓடவிட்டுக் காட்டினேன்.
வெறுங்கல் சுற்றுகிற சத்தத்தில்
இரண்டு பேரும் கொஞ்சநேரம் பேசாமல் நின்றோம்.
பிறகு போனை எடுத்து
விலைச்சீட்டைப் படம் பிடித்தார்.
"மனிசியிட்டக் காட்ட வேணும்."

வெள்ளிக்கிழமை அது என் கடைக்கே வந்தது.
வேறு பெட்டி, வேறு நாடா, அதே கிரைண்டர்.
வீட்டில் ஆள் இல்லாத பார்சல்களுக்கு
ஓபர்பார்மனில் நான்தான் பொறுப்பு.
ஒன்றுக்கு முப்பத்தைந்து சென்ட்.
தூக்கும்போதே தெரிந்துவிட்டது:
பதினொன்றரைக் கிலோ.
இந்தப் பாரத்தை வானிலிருந்து
எத்தனை தரம் இறக்கியிருக்கிறேன்,
என் இடுப்புக்கு மறக்குமா?

கொண்டுவந்த யோனெல் ருமேனியாக்காரன்.
நாளுக்கு நூற்றெண்பது கதவு அவனுக்கு.
என் கழிவறையைத்தான் பாவிப்பான்.
திறப்பு எந்தக் கொக்கியில் தொங்குகிறதென்று
என் தம்பிக்குத் தெரியாது, அவனுக்குத் தெரியும்.
கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வரும்போது
ஒவ்வொரு நாளும் ஒரே சொல், தமிழில்: "நன்றி."
யார் சொல்லிக்கொடுத்தது? நான் இல்லை.

இடியப்ப உரல்கள் இருந்த தட்டில்
இப்போது ஊராரின் சப்பாத்து, பூனைச் சாப்பாடு,
யாரோ ஒரு ஷ்ரோய்டரின் மீன்தொட்டி.
எதிரியின் சரக்குக்கு என் கடையில் இடம்,
எனக்குக் கூலி.
பார்சல் எடுக்க வருகிறவர்கள் போகிற போக்கில்
ஒரு மஞ்சள்தூளாவது வாங்குவார்கள் என்று
ஒப்பந்தத்தோடு வந்த பொடியன் சொன்னான்.
கணக்கு வைத்தேன்.
மார்ச் மாதம் நானூற்றுப் பன்னிரண்டு பார்சல்.
நூற்று நாற்பத்துநான்கு யூரோ இருபது சென்ட்.
மஞ்சள்தூள் இரண்டு. தீப்பெட்டி ஒன்று.

இதையும் சொல்ல வேண்டும்.
விலைச்சீட்டு ஒட்டுகிற இந்தச் சுருளை
நானும் அவர்களிடம்தான் வாங்கினேன்,
ஹாகனில் மொத்த வியாபாரி கடையைப் பூட்டிய பிறகு,
இரவு பதினொரு மணிக்கு, படுக்கையில் கிடந்தபடி.
பார்சலை நானே எனக்கு ஒப்படைத்தேன்.
கையெழுத்தும் போட்டேன்.
அதற்கும் முப்பத்தைந்து சென்ட் வந்தது.

சனிக்கிழமை, ஏழுக்கு ஐந்து நிமிடம் இருக்க
தர்மகுலசிங்கம் வந்தார்.
வெளியே தொங்குரயில் போக
கண்ணாடித் தம்ளர்கள் தட்டில் நடுங்கின.
அவர் தம்ளர்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.
"இருபத்துமூன்று யூரோ குறைவு, அக்கா."
தெரியும். நானும் பார்த்தேன்.
நான் வாங்குகிற விலையைவிடவே நாலு யூரோ குறைவு.

"அடையாள அட்டை," என்றேன்.

பதினாலு வருடப் பழக்கம்.
அவர் மகளின் சாமத்தியவீட்டுக்கு
என் கடையிலிருந்துதான் கிடாரம் போனது.
இருந்தாலும் சட்டம் சட்டம்தானே.
அட்டையை வெளிச்சத்தில் பிடித்தேன்.
அந்த நீளப் பெயரை
எழுத்தெழுத்தாக, ஜெர்மன் மொழியில் வாசித்தேன்.
பின்னால் நின்ற கிழவர் மணி பார்த்தார்.
அவ்வளவுதான் என் பழி. இனித்தது.

பிறகு கார்வரைக்கும்
பெட்டியின் ஒரு பக்கத்தை நான் பிடித்தேன்.
போன வருடம்தான் அவருக்கு நெஞ்சில் ஒப்பரேசன்.

ஆடியிலோ ஆவணியிலோ பெல்ட் அறும்.
அந்த மொடலுக்கு அறும்.
கல்லாவுக்குப் பின்னால் ஆணியில்
ஆறு பெல்ட் தொங்குகிறது.
விலை இன்னும் ஒட்டவில்லை.